ஆபரேஷன் புண்ணைச் சுற்றி அரிப்பா? பிளாஸ்திரி முதல் உள்ளே வைத்த தகடு வரை ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. ஐந்தாறு நாள் கழித்துக் கட்டைப் பிரித்தால் பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடம் மட்டும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் சதுரமாகச் சிவந்திருக்கிறது. மேலே பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம், தாங்க முடியாத அரிப்பு. வீட்டில் ஒருவர் சீழ் பிடித்துவிட்டது என்பார். இன்னொருவர் கத்திரிக்காயும் கருவாடும் சாப்பிட்டதுதான் காரணம் என்பார். மருந்துக்கடையில் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரையும் ஒரு டியூப் ஆயின்மென்ட்டும் கிடைக்கும். மாத்திரை தேவையில்லாததாக இருக்கலாம். ஆயின்மென்ட்டோ அரிப்பை இன்னும் கிளப்பிவிடக்கூடும், ஏனென்றால் ஆபரேஷன் புண்ணில் ஒவ்வாமை தரும் பொருள்களில் முன்வரிசையில் நிற்பவை அந்த ஆன்டிபயாடிக் ஆயின்மென்ட்கள்தான்.

எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று துல்லியமாகத் தெரிந்துகொள்வதும், அதன் பெயரைச் சரியாக எழுதி வைத்துக்கொள்வதும்தான் இதில் முக்கியமான வேலை. "மருந்து அலர்ஜி", "டிரெஸ்ஸிங் அலர்ஜி" என்று கேஸ் ஷீட்டில் எழுதினால் அடுத்த ஆபரேஷனுக்கு ஒரு பயனும் இல்லை.

முதல் படி: இது அவசரமா?

தோல் ஒவ்வாமையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சில நிமிடங்களில் பொங்கி எழுவது. தடிப்புத் தடிப்பாக உடம்பு முழுக்க வரும், உதடும் கண் இமையும் வீங்கும், மூச்சு இழுக்கும், தலை சுற்றும், ரத்த அழுத்தம் விழும். ஆபரேஷன் தியேட்டரில் இதைச் செய்யக்கூடிய தோல்சார்ந்த பொருள்கள் முக்கியமாக இரண்டு: இயற்கை ரப்பர் லேடெக்ஸ், குளோர்ஹெக்சிடின். வீட்டில் கட்டு மாற்றும்போது இப்படி நடந்தால் களிம்பு தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. பொருளை அகற்றி, நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தி, 108-ஐ அழையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம். திடீரென்று எழுப்பி நடக்க விடக் கூடாது. இதற்கான முதல் மருந்து அட்ரினலின் ஊசி. பெரியவர்களுக்கு 1:1000 கரைசலில் 0.5 மில்லி, தொடையின் வெளிப்புறத் தசையில். அவில் என்ற அலர்ஜி மருந்தும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் அதற்குப் பிறகு வருபவை. அவற்றை முதலில் போட்டுவிட்டுக் காத்திருப்பது உயிருக்கு ஆபத்து.

மற்றது, மெதுவாக வருவது. இந்தப் பொருளுக்கு ஏற்கெனவே பழகிக் கெட்ட தோலாக இருந்தால் 1 முதல் 3 நாளில் வரும். முதன்முறையாகச் சந்திக்கும் பொருளென்றால் உடம்பு அதை எதிரியாக அடையாளம் காணவே 10 முதல் 14 நாள் ஆகும். அதனால்தான் தையல் பிரித்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் இரண்டாவது வாரத்தில் சிலருக்கு அரிப்பு தொடங்குகிறது. இது உயிரைப் பறிக்காது, ஆனால் புண் ஆறுவதைக் கெடுக்கும். இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி இதைப் பற்றித்தான்.

இரண்டாம் படி: ஒவ்வாமைதானா என்று பிரித்துப் பாருங்கள்

சிவந்ததெல்லாம் ஒவ்வாமை இல்லை. ஆபரேஷன் புண்ணைச் சுற்றி ஒரே மாதிரி தெரியும் விஷயங்கள் பல உண்டு.

கிருமித் தொற்றில் வலிதான் பிரதானம், அரிப்பு கிடையாது. தொட்டால் சூடு தெரியும், நாளுக்கு நாள் வலி கூடும், சீழோ நாற்றமோ இருக்கும், காய்ச்சல் வரலாம். சிவப்பு தையல் கோட்டிலிருந்து வெளியே பரவும், ஓரம் மங்கலாக இருக்கும். ஒவ்வாமையில் அரிப்பு முந்திக்கொள்ளும். சிவப்பு, பொருள் பட்ட இடத்தின் வடிவத்திலேயே இருக்கும். சந்தேகமாக இருந்தால் பால்பாயின்ட் பேனாவால் சிவப்பின் ஓரத்தில் கோடு போட்டு, 12 மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டி வலியோடு பரவுகிறதென்றால் அன்றைக்கே சர்ஜனிடம் போக வேண்டும். இரண்டும் ஒன்றாக வருவதும் உண்டு: சொறிந்து சொறிந்து தோல் கிழிந்த இடத்தில் கிருமி நுழைந்துவிடும்.

இழுவைக் கொப்புளம் என்று ஒன்று இருக்கிறது. பிளாஸ்திரியை இழுத்துப் பிடித்து ஒட்டினால், அடியில் தோல் வீங்கும்போது பிளாஸ்திரி விரியாது. தோலின் மேல்படலம் கழன்று பெரிய கொப்புளமாகும். இடுப்பு, முழங்கால் ஆபரேஷன்களில் இது அதிகம். பிளாஸ்திரியின் ஓரத்தில்தான் இந்தக் கொப்புளம் இருக்கும், வலிக்கும், அரிக்காது. இதை அலர்ஜி என்று எழுதிவிட்டால் நல்ல பிளாஸ்திரி ஒன்று காரணமில்லாமல் தள்ளுபடியாகிவிடும்.

உறுத்தல் அழற்சி மூன்றாவது. வியர்வையும் ஈரமும் சேர்ந்து ஊறிய தோல், ஈரமாகத் தேங்கி நின்ற கிருமிநாசினி, வீட்டில் நீர் கலக்காமல் தடவிய டெட்டால். இதில் எரிச்சல்தான் இருக்கும், பொருள் பட்ட எல்லைக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாது, பொருளை நிறுத்தினால் சீக்கிரம் தணியும். ஒவ்வாமையோ நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று நாள் ஏறிக்கொண்டே போகும், எல்லைக்கு வெளியேயும் சிதறலாகப் பொரிகள் தெரியும்.

தொடையிலோ முதுகிலோ சதுரமான காயம் இருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். ரத்தக்கசிவை நிறுத்தும் காட்டரி இயந்திரத்துக்கு ஒரு தகடு ஒட்டுவார்கள். அது சரியாக ஒட்டாவிட்டால் மின்சாரச் சூட்டுக் காயம் வரும். மயக்கம் தெளிந்த உடனே வலிக்கிறதென்றால் அது சூட்டுக் காயமாக இருக்கலாம். இரண்டு நாள் கழித்து அரிக்கிறதென்றால் அந்தத் தகட்டின் பசைக்கு ஒவ்வாமையாக இருக்கலாம்.

மூன்றாம் படி: இடத்தையும் வடிவத்தையும் படியுங்கள்

மொபைலில் படம் எடுங்கள். நல்ல வெளிச்சத்தில் ஒன்று கிட்டத்திலிருந்து, ஒன்று தள்ளியிருந்து, தினமும் ஒரே நேரத்தில். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்தால் அளவு தெரியும். மருத்துவரிடம் போகும்போது புண் மாறியிருக்கும், படம் மாறாது.

சதுரம் அல்லது நீள்சதுரம், நடுவில் பஞ்சு இருந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தால் பிளாஸ்திரிப் பசை. நேர்மாறாக, பஞ்சு இருந்த இடம் சிவந்து ஓரம் நன்றாக இருந்தால் உள்ளே தடவிய ஆயின்மென்ட். தையல் கோட்டின் இருபுறமும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அகலப் பட்டையாகச் சிவந்து, மேலே பளபளவென்று காய்ந்த படலம் இருந்தால் தோல் பசை. தையல் முடிச்சு ஒவ்வொன்றைச் சுற்றியும் மட்டும் சிவப்பென்றால் நூல் அல்லது ஸ்டேப்ளர் பின். வயிறு முழுக்க, விலாவிலும் முதுகிலும் வழிந்த கோடுகளாக இருந்தால் தோலைச் சுத்தம் செய்த கிருமிநாசினி. மார்பில் ரூபாய் நாணயம் அளவில் வட்டங்கள் இருந்தால் இசிஜி ஒட்டுகள்.

ஒவ்வொரு சந்தேகப் பொருளும், அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதும்

பசையும் பிளாஸ்திரியும். பழைய துணிப் பிளாஸ்திரிகளில் துத்தநாக ஆக்சைடோடு பைன் மரப் பிசினான ரோசின் சேர்ந்திருக்கும். காகித, பிளாஸ்டிக் பிளாஸ்திரிகளில் அக்ரிலேட் பசை. உண்மையான ஒவ்வாமை ரோசினுக்குத்தான் அதிகம். அக்ரிலேட் பிளாஸ்திரியில் வரும் சிவப்பு பெரும்பாலும் உறுத்தலும் இழுவையும்தான்.

நம் ஊரில் பிளாஸ்திரி நன்றாகப் பிடிக்க டிங்சர் பென்சாயின் தடவுவது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. இது வேறொன்றுமில்லை, சாம்பிராணிப் பிசினைச் சாராயத்தில் கரைத்தது. வாசனைத் திரவியம், பெரு பால்சம் என்ற வாசனைப் பிசின், ரோசின் ஆகியவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சென்ட் அடித்தால் கழுத்து அரிக்கும் என்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிளாஸ்திரியை மாற்றி மாற்றிப் பார்த்தும் சிவப்பு போகவில்லை என்றால், ஒவ்வொரு முறையும் அடியில் தடவியது என்ன என்று கேளுங்கள்.

தோல் பசை. தையலுக்குப் பதில் மேலே தடவி மூடும் சயனோஅக்ரிலேட் பசை, முக்கியமாக 2-ஆக்டைல் சயனோஅக்ரிலேட். சில ஆபரேஷன்களில் வலைத்துணியோடு சேர்த்து ஒட்டுவார்கள். இதற்கு ஒவ்வாமை வருவது முன்பு நினைத்ததைவிட அதிகம். செயற்கை நகம், ஒட்டு இமை, சர்க்கரை அளக்கும் சென்சார் ஒட்டு ஆகியவற்றால் அக்ரிலேட் வகைகளுக்குப் பழகிக் கெட்ட தோலுடையவர்கள் பெருகிவிட்டதும் ஒரு காரணம். பசை தானாக உதிர 5 முதல் 10 நாள் ஆகும். ஒவ்வாமை வந்த பிறகும் பொருள் தோல்மேலேயே உட்கார்ந்திருப்பதுதான் சங்கடம். வெறும் ஸ்டீராய்டு களிம்பை மேலே தடவினால் உள்ளே இறங்காது. தையல் கோடு கூடியிருக்கிறது என்று சர்ஜன் உறுதி செய்தபின், வெள்ளை வாசலினைக் கனமாகத் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டு, மென்மையான துணியால் உருட்டி எடுக்க வேண்டும். வலிக்க வலிக்கப் பிய்க்கக் கூடாது, புண் திறந்துவிடும்.

கிருமிநாசினிகள். போவிடோன் அயோடினைப் பற்றி நிலவும் தவறான நம்பிக்கைதான் இந்தத் துறையிலேயே பெரியது. "எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, அதனால் அயோடின் போடாதீர்கள்" என்பார்கள். இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள டிரோபோமையோசின் என்ற புரதம். அயோடின் என்ற தனிமத்துக்கு யாருக்கும் ஒவ்வாமை வராது. அது தைராய்டு சுரப்பியிலும் சமையல் உப்பிலும் இருக்கிறது. ஸ்கேனுக்குப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி ஒத்துக்கொள்ளாததும் இதற்கு ஆதாரமாகாது. போவிடோன் அயோடினில் வரும் புண்களில் பெரும்பாலானவை உறுத்தல் காயங்கள். 10 சதவீதக் கரைசல் முதுகுக்கு அடியிலோ, கைகால்களில் கட்டும் டூர்னிக்கே பட்டைக்கு அடியிலோ, தொடை இடுக்கிலோ வழிந்து தேங்கி, காயாமல் இரண்டு மணி நேரம் அழுத்தத்தில் இருந்தால் தோல் வெந்ததுபோலாகிவிடும். பூசியபின் 2, 3 நிமிடம் காயவிட்டு, வழிந்ததைத் துடைத்தாலே போதும். போவிடோன் அயோடின் என்ற கலவைக்கு உண்மையான ஒவ்வாமை இருக்கிறது, ஆனால் அரிது.

குளோர்ஹெக்சிடின் அதைவிடக் கவனிக்க வேண்டியது. 2 சதவீத குளோர்ஹெக்சிடினும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் கலந்த கரைசல் இன்று தோலைச் சுத்தம் செய்வதில் பரவலாகப் பயன்படுகிறது. இதே பொருள் வாய் கொப்பளிக்கும் மருந்திலும், சாவ்லான் வகைக் கிருமிநாசினியிலும், கைகழுவும் திரவத்திலும், சில சிறுநீர்க்குழாய் ஜெல்லிலும், கழுத்து ரத்த நாளத்தில் போடும் சில குழாய்களின் பூச்சிலும் இருக்கிறது. தோலில் வெறும் அரிப்பாக ஆரம்பித்தவர்களுக்கு, அடுத்த முறை சிறுநீர்க்குழாய் ஜெல் வழியாக உள்ளே போகும்போது முழு அனாஃபிலாக்சிஸ், அதாவது முதல் படியில் சொன்ன உயிராபத்தான ஒவ்வாமை, வந்திருக்கிறது. ஜெல்லிலிருந்து மெதுவாக உறிஞ்சப்படுவதால் ரத்த அழுத்தம் விழுவது அரை மணி நேரம் தள்ளிப்போகும். அதற்குள் நான்கைந்து ஊசிகள் போயிருக்கும், பழி அவற்றின்மேல் விழும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் இந்தப் பொருளைப் பற்றித் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. மவுத்வாஷ் போட்டால் உதடு தடிக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. அனஸ்தீசியா மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆன்டிபயாடிக் ஆயின்மென்ட்கள். நியோமைசின், பாசிட்ராசின், ஃபிரமைசெட்டின், நைட்ரோஃபுரசோன். ஃபிரமைசெட்டின் என்பது நியோமைசின் பி-தான், பெயர் மட்டும் வேறு. எனவே நியோமைசின் உள்ள நியோஸ்போரின் ஒத்துக்கொள்ளாதவர், ஃபிரமைசெட்டின் உள்ள சோஃப்ராமைசினுக்கு மாறினால் அதே பொருளைத்தான் மறுபடி தடவுகிறார். ஜென்டாமைசினும் அதே குடும்பம், நியோமைசின் ஒவ்வாமை உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. நைட்ரோஃபுரசோன் இந்தியாவில் நெடுங்காலமாக ஒவ்வாமை தந்துவரும் களிம்பு.

இந்த ஒவ்வாமை மாட்டிக்கொள்ளாமல் தப்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நியோமைசின் மெதுவாக வேலை செய்யும், நான்கைந்து நாள் கழித்துத்தான் பொரியும். "புண் ஆறவில்லை" என்று நோயாளி இன்னும் கொஞ்சம் தடவுவார். ஈரம் கசியும், மேலும் தடவுவார். சுத்தமான, தைத்து மூடிய புண்ணுக்கு இந்த ஆயின்மென்ட்களே தேவையில்லை என்பது எங்கள் கருத்து. 1996-இல் அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷன் இதழில் வந்த ஆய்வு சிறு தோல் ஆபரேஷன்களுக்குப் பின் வெள்ளை வாசலினையும் பாசிட்ராசினையும் ஒப்பிட்டது. கிருமித் தொற்றில் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. ஒவ்வாமை வந்தது பாசிட்ராசின் தடவியவர்களுக்குத்தான். மஞ்சள் பத்தும் வேண்டாம். மஞ்சளுக்கே தோல் ஒவ்வாமை வருபவர்கள் உண்டு, தையல்மேல் அது காய்ந்து ஒட்டிக்கொண்டால் கிருமித் தொற்றைப் பார்க்கவும் முடியாது.

கையுறையும் ரப்பரும். குமரி மாவட்டத்துத் தோட்டங்களில் மரத்தைக் கீறி எடுக்கும் ரப்பர் பாலிலுள்ள புரதங்கள்தான் லேடெக்ஸ் ஒவ்வாமைக்குக் காரணம். குழந்தையிலிருந்தே பல ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், முக்கியமாக முதுகுத்தண்டு பிளவோடு பிறந்தவர்கள், பல வருடம் கையுறை போட்ட மருத்துவப் பணியாளர்கள் ஆகியோருக்கு இது வர வாய்ப்பு அதிகம். பலூன் ஊதினால் உதடு தடிப்பது, வாழைப்பழம், அவகாடோ, கிவி சாப்பிட்டால் வாய் அரிப்பது ஆகியவை துப்புகள். கையுறைக்குள் போடும் மாவு இந்தப் புரதத்தைக் காற்றில் கிளப்பிவிடும். அதனால்தான் அமெரிக்கா 2017 ஜனவரியில் மாவு போட்ட மருத்துவக் கையுறைகளைத் தடை செய்தது. கையுறையை மாற்றிவிட்டு லேடெக்ஸ் சிறுநீர்க்குழாயைப் போடுவது சாதாரணமாக நடக்கும் தவறு. முழுவதும் சிலிக்கோனால் ஆன குழாயைக் கேளுங்கள். ஆபரேஷனை அன்றைய பட்டியலில் முதலாவதாக வைக்கச் சொல்லுங்கள், காற்றில் துகள் குறைவாக இருக்கும்.

கையுறை பட்டால் இரண்டு நாள் கழித்து வரும் வறட்சியும் வெடிப்பும் வேறு கதை. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையூரம், கார்பமேட் முதலிய ரசாயனங்களுக்கான ஒவ்வாமை அது. இவை நைட்ரைல் கையுறையிலும் இருக்கலாம். எனவே லேடெக்ஸ் இல்லாத கையுறை என்றால் தீர்ந்தது என்று நம்பிவிடக் கூடாது. இந்த ரசாயனங்கள் சேர்க்காத கையுறை என்று குறிப்பிட்டே கேட்க வேண்டும்.

நூலும் பின்னும். தானாகக் கரையும் செயற்கை நூல்களுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் தையல் கோட்டில் ஒரு சின்னக் கொப்புளம் எழும்பி நூல் முனை எட்டிப் பார்த்தால், உடம்பு முடிச்சை வெளியே தள்ளுகிறது என்று பொருள். அதை எடுத்துவிட்டால் ஆறிவிடும். குரோமிக் கேட்கட் என்ற பழைய நூல் மட்டும் விதிவிலக்கு: விலங்குக் குடலிலிருந்து செய்து குரோமிய உப்பில் பதப்படுத்தியது. சிமென்ட் கலந்து கலந்து கையில் வெடிப்பு வந்த கொத்தனார்களுக்குக் குரோமிய ஒவ்வாமை இருக்க வாய்ப்பு அதிகம், அவர்களுக்கு இந்த நூலைத் தவிர்ப்பது நல்லது.

ஸ்டேப்ளர் பின்னும் எலும்பு முறிவுத் தகடும் பெரும்பாலும் 316எல் எஃகு. அதில் நிக்கல் 10 முதல் 14 சதவீதம். கவரிங் கம்மல் போட்டால் காது கசிவது, ஜீன்ஸ் பொத்தான் பட்ட இடத்தில் தொப்புளுக்குக் கீழே கறுத்துத் தடிப்பது, வாட்ச் பக்கிள் அரிப்பது எல்லாம் நிக்கல் ஒவ்வாமையின் முகவரிகள். அப்படிப்பட்டவர்களுக்குத் தோல்மேல் பின் போடாமல் நைலான் அல்லது பாலிப்ரொப்பிலீன் நூல் போட்டால் போதும்.

உள்ளே வைக்கும் உலோகத்தில் அவசரப்பட வேண்டாம். தோல் சோதனையில் நிக்கலுக்குச் சிவப்பவர்கள் பலர் எஃகுத் தகட்டோடு எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் எல்லோருக்கும் உலோகச் சோதனை தேவையில்லை. நகைகளால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும், முன்பு வைத்த உலோகத்தால் தொல்லைப்பட்டவர்களுக்கும் மட்டும் போதும். மூட்டு மாற்றில் பரவலாகப் பயன்படும் கோபால்ட்-குரோமியம் கலவையில் நிக்கல் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் கோபால்ட்டும் குரோமியமும் ஏராளம். டைட்டானியக் கலவையில் 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம். சில ஸ்டென்ட்களிலும் இதய ஓட்டை அடைப்பான்களிலும் உள்ள நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியக் கலவையில் எடையில் பாதிக்குமேல் நிக்கல். மூட்டைப் பிடித்துவைக்கும் எலும்புச் சிமென்ட்டில் மெத்தில் மெத்தாக்ரிலேட், பென்சாயில் பெராக்சைடு, சில வகைகளில் ஜென்டாமைசினும் இருக்கும். எனவே நியோமைசின் ஒவ்வாமை உள்ளவர் மூட்டு மாற்றுக்குப் போகிறாரென்றால் இந்தக் கடைசிப் பொருளையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூட்டு மாற்றியபின் வலியும் வீக்கமும் தொடர்ந்தால் கிருமித் தொற்றையும் மூட்டு தளர்வதையும்தான் முதலில் தேட வேண்டும். ஒவ்வாமை கடைசியில் வரும் சந்தேகம். எலும்பு கூடும்முன் தகட்டைக் கழற்றவும் முடியாது. அதுவரை தோலுக்குக் களிம்பு, கூடியபின் கழற்றுவது என்பதே நடைமுறை.

நான்காம் படி: இப்போது என்ன செய்வது

சந்தேகப் பொருளை அகற்றுங்கள், முதலில் சர்ஜனிடம் கேட்டுவிட்டு. பிளாஸ்திரியை மேல்நோக்கி இழுக்காதீர்கள். ஒரு ஓரத்தைக் கிளப்பி, தோலை இன்னொரு விரலால் அழுத்திப் பிடித்து, பிளாஸ்திரியைத் தன்மேலேயே மடித்துத் தோலோடு படுக்கையாக மெதுவாக உருவுங்கள். புண்ணைத் தொடாத ஓரங்களில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் பசை நெகிழும்.

கொப்புளம் உடைந்து கசிந்தால் ஈரக்கட்டு. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு, ஏறக்குறைய ஒன்றரை டீஸ்பூன். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து 15 நிமிடம், நாளைக்கு மூன்று முறை. கசிவு நின்றதும் விட்டுவிட வேண்டும், தொடர்ந்தால் தோல் வறண்டு வெடிக்கும்.

பிறகு ஸ்டீராய்டு களிம்பு. உடம்பிலும் கைகாலிலும் மொமெட்டசோன் 0.1 சதவீதம் ஒரு வேளை, அல்லது கடுமையாக இருந்தால் கிளோபெட்டசால் 0.05 சதவீதம் இரு வேளை, 7 முதல் 14 நாள். முகத்துக்கும் அக்குள், தொடை இடுக்குக்கும் கிளோபெட்டசால் கூடாது. அளவுக்கு ஒரு கணக்கு: டியூபிலிருந்து பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனிக்கணு நீளம் பிதுக்கினால் அரை கிராம், அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். திறந்திருக்கும் தையல் கோட்டின்மேல் தடவாமல் சுற்றியுள்ள தோலில் மட்டும் தடவுங்கள். டியூபைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். கடைகளில் கேட்காமலேயே கிடைக்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டோடு நியோமைசினும் பூஞ்சைக் கொல்லியும் கலந்திருக்கும். ஒரு கையால் தணித்து இன்னொரு கையால் கிளறும் வேலை அது.

அலர்ஜி மாத்திரை தூக்கத்துக்குக் கொஞ்சம் உதவும், புண்ணை ஆற்றாது. உடம்பில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் பரவினால் பிரெட்னிசலோன் மாத்திரை தேவைப்படலாம். சர்க்கரை நோயாளியென்றால் சர்க்கரை எகிறும், புண் ஆறுவது தாமதப்படும், எனவே தோல் மருத்துவரும் சர்ஜனும் பேசி முடிவெடுக்க வேண்டிய மருந்து. ஐந்தாறு நாளில் திடீரென நிறுத்தினால் பொரி மறுபடி கிளம்பும். 2, 3 வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள்.

கட்டுக்கு என்ன செய்வது? பஞ்சுத்துணி வைத்து மேலே துணிக்கட்டு அல்லது குழாய் வலைத்துணி. கட்டாயம் ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சிலிக்கோன் பசைப் பிளாஸ்திரி. விலை கூடுதல், ஆனால் எடுக்கும்போது தோலைப் பிய்க்காது.

ஐந்தாம் படி: சோதனை

மெதுவாக வரும் ஒவ்வாமைக்குப் பேட்ச் டெஸ்ட். தோல் ஆறி 4 முதல் 6 வாரம் கழித்துச் செய்வது நல்லது. சின்ன அலுமினியக் கிண்ணங்களில் பொருள்களை வைத்து மேல்முதுகில் ஒட்டுவார்கள். இந்திய நோயாளிகளுக்கென்று கோட்ஃபி என்ற அமைப்பின் ஒப்புதல் பெற்ற பொருள் வரிசை ஒன்று இருக்கிறது. நிக்கல், குரோமியம், கோபால்ட், நியோமைசின், ரோசின், ரப்பர் ரசாயனங்கள் அதில் வந்துவிடும். 2-ஆக்டைல் சயனோஅக்ரிலேட், எலும்புச் சிமென்ட்டின் பொருள்கள், குளோர்ஹெக்சிடின் ஆகியவை தேவையென்று தனியாகச் சொல்ல வேண்டும். உங்களுக்குப் போட்ட பிளாஸ்திரியில் ஒரு துண்டையும் ஆயின்மென்ட் டியூபையும் கையோடு கொண்டு போங்கள்.

48 மணி நேரம் கழித்துக் கழற்றி முதல் வாசிப்பு, 96 மணி நேரத்தில் இரண்டாவது. நியோமைசினுக்கும் உலோகத்துக்கும் ஏழாம் நாள் மூன்றாவது வாசிப்பு அவசியம். இரண்டாம் நாளோடு முடித்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டால் நியோமைசின் நழுவிப்போய்விடும். ஒட்டியிருக்கும் நாள்களில் முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. சித்திரை, வைகாசியில் சென்னையில் பேட்ச் டெஸ்ட் செய்வது ஒட்டுகளை வீணடிப்பது. மார்கழி, தை வசதி. நாளைக்கு 10 மில்லிகிராமுக்குமேல் பிரெட்னிசலோன் சாப்பிடுபவருக்கு முடிவு பொய்யாகலாம். முதுகில் ஒரு வாரமாக ஸ்டீராய்டு களிம்பு தடவியிருக்கக் கூடாது. அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

போவிடோன் அயோடினை ஈரமாக வைத்து மூடினால் யாருக்கும் சிவக்கும். தடவிக் காயவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

உடனடியாகப் பொங்கும் வகைக்கு இந்தச் சோதனை பயன்படாது. அதற்கு ஊசிமுனையால் குத்திப் பார்க்கும் சோதனையும் ரத்தத்தில் ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருளின் அளவும். அனாஃபிலாக்சிஸ் நடந்து 4 முதல் 6 வாரம் கழித்து, அவசர வசதியுள்ள ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும். நடந்த அன்றே முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் டிரிப்டேஸ் (இத்தகைய ஒவ்வாமையின்போது ரத்தத்தில் ஏறும் நொதி) ரத்தப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்து, 24 மணி நேரம் கழித்து இன்னொன்று எடுத்துவைத்தால் பின்னால் பெரிய உதவி.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான். மெதுவான, லேசான பிரச்சினை மட்டும் இருந்தவர்கள், அடுத்த ஆபரேஷனுக்கு வரப்போகும் பிளாஸ்திரியில் 2 சென்டிமீட்டர் சதுரத்தை மேற்கையின் உட்புறத்தில் இழுக்காமல் ஒட்டி 48 மணி நேரம் வைத்து, ஐந்தாம் நாள்வரை பார்க்கலாம். தோல் பசையை இப்படிச் சோதிக்காதீர்கள். சோதனையே புதிதாக ஒவ்வாமையை உண்டாக்கிவிடும்.

ஆறாம் படி: அடுத்த ஆபரேஷனுக்கு முன்

மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்: சர்ஜன், அனஸ்தீசியா மருத்துவர், வார்டு நர்ஸ். ஒருவரிடம் சொன்னது மற்றவருக்குப் போகும் என்று நம்பாதீர்கள். தியேட்டரில் குளோர்ஹெக்சிடினைத் தவிர்த்துவிட்டு, வார்டில் டிரிப்ஸ் ஏற்றும் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போடும்போது குளோர்ஹெக்சிடின் துடைப்பானால் துடைப்பது நடக்கிற காரியம். பல் மருத்துவர் நான்காமவர், அவரிடமும் மவுத்வாஷும் கையுறையும் உண்டு.

டிஸ்சார்ஜ் சம்மரியில் பயன்படுத்திய நூல், பசை, கிருமிநாசினி, உள்ளே வைத்த உலோகத்தின் ஸ்டிக்கர் எல்லாம் இருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும்முன் பாருங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

பர்ஸில் வைக்கும் அட்டையில் நான்கு வரி போதும். பொருளின் ரசாயனப் பெயர், என்ன நடந்தது, எத்தனை மணி அல்லது நாள் கழித்து, எது ஒத்துக்கொள்கிறது. உதாரணம்: "நியோமைசின், ஃபிரமைசெட்டின். தடவிய ஐந்தாம் நாள் அரிப்பும் கொப்புளமும், பேட்ச் டெஸ்டில் உறுதி. ஜென்டாமைசின் கலந்த எலும்புச் சிமென்ட் வைக்கும்முன் தோல் மருத்துவரைக் கேட்கவும். வெள்ளை வாசலின், போவிடோன் அயோடின், சிலிக்கோன் பிளாஸ்திரி ஒத்துக்கொள்ளும்." ஒத்துக்கொள்ளும் பொருள்களை எழுத மறக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவசர ஆபரேஷனுக்குக் கொண்டுவந்தால், டியூட்டி மருத்துவர் முதலில் தேடுவது அந்தக் கடைசி வரியைத்தான்.